மொட்டு விரியுமுன் வர வேண்டிய பஸ்

மதுரை ஜங்ஷனில் காலை போடி ரயிலைப் பிடித்து உசிலம்பட்டியில் இறங்கினேன். இந்தத் தடத்தில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தியது 2010 டிசம்பர் கடைசியில். அகலப்பாதை போட்டு தேனி வரை மறுபடி ரயில் ஓடியது 2022 மே மாதம்தான். போடிக்குப் போய்ச் சேர அடுத்த வருஷம் ஜூன் ஆகிவிட்டது. ரயில் நின்றபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அது திரும்பி வந்தபோது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கும்.

அங்கிருந்து எழுமலை ரோட்டில் போய் உள்ளே பிரியும் சித்தப்பா ஊருக்கு டவுன் பஸ். ஒரு நாளைக்கு மூன்று ட்ரிப்.

பக்கத்து சீட்டில் ஒரு அப்பத்தா. மடியில் காலிப் பை, உள்ளே ஈரத்துணி, அதில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மல்லிகை மொட்டு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, கண்டக்டர் கொடுத்த அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் செருகிக்கொண்டார்.

"முத பஸ்ஸு நேரத்துக்கு வந்துருச்சுன்னா பூ மொட்டாவே கடைக்குப் போயிரும் தம்பி. வரலைன்னா பைச் சூட்டுலயே வாய் தொறந்துரும். தொறந்த பூவைக் கழிச்சுத்தான் கேப்பாக. மூணு கிலோ பூவுக்கு ஆட்டோ புடிச்சா எனக்கு என்ன மிஞ்சும்?"

இருட்டோடு எழுந்து பறித்த பூவின் விலை, ஒரு பஸ் அரைமணி முந்துவதிலும் பிந்துவதிலும் இருக்கிறது. கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சின்ன வயதில் நான் லீவுக்குப் போகும்போது இந்த ஊருக்கு நைட் ஹால்ட் பஸ் உண்டு. ராத்திரி மந்தையில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் சாவடியில் படுப்பார்கள், யார் வீட்டிலிருந்தாவது குழம்பு போகும். விடிகாலையில் அது அடிக்கும் ஹாரனுக்குத்தான் ஊரே எழும். இப்போது கடைசி பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு. "ஆளு இல்ல, வசூலும் இல்லங்கிறாக" என்றார் சித்தப்பா. அவர் தெருவில் நான்கு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதில் மூன்று, ஹால்ட் பஸ் நின்ற பிறகு பூட்டியவை. ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மதுரையில் ஜவுளிக்கடை வேலை. கடை சாத்தும் நேரத்துக்கு ஊர் திரும்ப வழியில்லை. ஆரப்பாளையத்தில் ரூம் எடுத்தாள், பின்னாலேயே அம்மாவும் போய்விட்டார். முதலில் போனது பஸ்தான், ஆட்கள் அதற்கப்புறம்.

சாலையைப் பொறுத்தவரை தலைக்கணக்கு உதவியிருக்கிறது. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளி என்றால் 500 பேர் இருந்தால் போதும், தார் ரோடு கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம விவரக் கையேட்டில் ஊருக்கு பஸ் உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 10-க்கு மேல் போகணுமா என்றெல்லாம் இருக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இருக்காது. இந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியதே அதுதான்.

ஐந்தரை பஸ்ஸில் திரும்புவதற்காக மந்தையில் நின்றேன். ஸ்கூல் பையும் தூக்குவாளியுமாக இறங்கினார்கள். எண்ணினேன், 31 பேர். யூனிஃபார்ம் போட்டவர்கள் 14, பெண்கள் 13, ஆண்கள் 4. பிள்ளைகளுக்கு இலவச பாஸ், பெண்களுக்குக் காசில்லாச் சீட்டு. வசூல் என்று பார்த்தால் அந்த ட்ரிப்புக்கு நான்கு டிக்கெட்.

ஏறியது நானும் இன்னொருவரும்.