நகர வெளியைப் படிக்கக் கற்பித்தல்: ஒரு வேலூர் ஸ்டுடியோ அனுபவம்

கட்டடக்கலை மாணவர்கள் முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு மனைக்குள் ஒரு கட்டடத்தை வடிவமைக்கப் பழகுகிறார்கள். வீடு, பள்ளி, சிறு மருத்துவமனை என்று பயிற்சி பெரிதாகிக்கொண்டே போனாலும், மனையின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பது அவர்கள் தாளில் வெறும் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. நான்காம் ஆண்டில் அதே மாணவரிடம் ஒரு கடைத்தெருவையோ ஒரு சந்திப்பையோ கொடுத்து நகர்ப்புற வடிவமைப்பு செய்யச் சொன்னால், அழகான கட்டடங்கள் பலவற்றை வரிசையாக நிறுத்திக் கொண்டுவருகிறார். இது அவருடைய திறமைக் குறைவு அல்ல, அதுவரை அவர் பெற்ற பயிற்சியின் இயல்பான விளைவு. வேலூர்ப் பகுதியில் இந்த ஸ்டுடியோவைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். புதிதாக இதைக் கற்பிக்க வரும் இளம் ஆசிரியர்களுக்கும், இப்பாடத்தை எப்படி அணுகுவது என்று தயங்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று நான் நம்புகிறவற்றை இங்கே எழுதுகிறேன். கட்டடங்களுக்கு இடையே கிடக்கும் வெளிக்கும் வடிவம் உண்டு என்பதை மாணவர் தம் கையாலும் காலாலும் உணரும்வரை, எந்தக் கோட்பாட்டைச் சொன்னாலும் அது தேர்வுத்தாளுக்கு மட்டுமே உதவும்.

ஊருக்குள் இறங்கும் முன் மேசையிலேயே ஒரு பயிற்சி தருகிறேன். 20 சென்டிமீட்டர் சதுர அட்டை ஒன்றின் மேல், மவுன்ட் போர்டு என்னும் கெட்டி அட்டையில் வெட்டிய சில சுவர்களை மட்டும் நிறுத்தி, நிற்க ஓர் இடம், நடக்க ஒரு வழி, பார்க்க ஒரு காட்சி ஆகிய மூன்றையும் உண்டாக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிய பெட்டி கூடாது. மாணவர் முடித்தபின் 8 மில்லிமீட்டர் உயர மனித உருவம் ஒன்றை வெட்டி உள்ளே வைக்கச் சொல்கிறேன். 1:200 அளவில், அதாவது நிஜத்தில் 200 மடங்கு என்று கொண்டால், அந்த உருவத்தின் உயரம் 1.6 மீட்டர் என்பதால், அட்டை முழுவதும் 40 மீட்டர் சதுரமான ஒரு பொதுவெளியாகிவிடுகிறது. அடுத்து அதை எடுத்துவிட்டு 32 மில்லிமீட்டர் உருவத்தை வைத்தால், அளவு 1:50 ஆகி, அதே சுவர்கள் ஒரு வீட்டின் முற்றமாகச் சுருங்குகின்றன. சுவர் எதுவும் நகரவில்லை, ஆனால் இடம் வேறாகிவிட்டது. மனித உடலே வெளியின் அளவுகோல் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான வழியை நான் இதுவரை கண்டதில்லை. நேரம் இருந்தால் அந்தச் சுவர்களுக்கு இடையே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றி, இறுகியபின் அட்டையை உரித்தெடுக்கச் செய்யலாம். அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த வெளி கையில் எடுத்துப் பார்க்கும் கட்டியாக வந்து நிற்கும்.

அதன்பிறகு வேலூரின் கடைத்தெருவான லாங்கு பஜாருக்கு அழைத்துச் செல்கிறேன். அந்தப் பகுதியின் வரைபடத்தை டிரேசிங் தாளில் எடுத்து, கட்டடங்களைக் கருப்பு மையால் நிரப்ப வேண்டும். அதே வரைபடத்தை மறுபடி எடுத்து, இம்முறை தெருவையும் சந்துகளையும் திறந்த இடங்களையும் கருப்பாக்கிக் கட்டடங்களை வெள்ளையாக விட வேண்டும். கணினியில் ஒரே சொடுக்கில் முடிகிற இந்த வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பேனா தெருவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போகும்போதுதான், அது எங்கே ஒடுங்குகிறது, எங்கே அகன்று பக்கத்துச் சந்துக்கு வாய் திறக்கிறது என்பது மனத்தில் பதிகிறது. இரண்டாவது தாளில் தெரு ஒரு பொருளாக, தனக்கென உருவம் உடையதாகத் தோன்றும். பிறகு அதே அளவில் வேலூர்க் கோட்டையையும் வரையச் சொல்கிறேன். பஜாரில் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிநின்று தெருவை வெட்டி எடுக்கின்றன. கோட்டைக்குள் பரந்த தரையில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பழைய அலுவலகக் கட்டடங்களும் தனித்தனியே நிற்க, அவற்றை அணைத்திருப்பது கருங்கல் மதிலும் அகழியும் மட்டுமே. இந்த இரண்டு வகை நகர அமைப்பையும் நடந்துபோகும் தூரத்திலேயே காட்ட முடிவது வேலூரில் கற்பிப்பவருக்குப் பெரும் பேறு.

அளவைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஏ1 தாளில் 1:1000 அளவில் வரைந்தால் 841 மீட்டருக்கு 594 மீட்டர் பரப்பு அடங்கும். பஜாருக்கு அது தாராளமாகப் போதும். கோட்டையின் பரப்பு ஏறத்தாழ 133 ஏக்கர் என்பதால் அதைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்துக் காட்ட 1:2000 தேவைப்படும். ஒப்பிட வேண்டுமானால் பஜாரையும் 1:2000-லேயே இன்னொரு முறை வரைய வேண்டும். அளவு வேறான இரண்டு தாள்களை அருகருகே ஒட்டிவைத்து முடிவு சொல்லும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

கருப்பு வெள்ளை வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. அது கட்டடத்தின் உட்புறம் முழுவதையும் தனியார் இடமாகவே கருதிவிடுகிறது. 1748-இல் ஜாம்பாட்டிஸ்டா நோல்லி வெளியிட்ட ரோம் நகர வரைபடம், தேவாலயங்களின் உட்கூடங்களையும் தூண் வரிசைகளையும் தெருவைப் போலவே வெள்ளையாகக் காட்டியது. அந்த முறையைக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன். நெடுங்காலம் வழிபாடின்றி இருந்து 1981-இல் மீண்டும் லிங்கம் நிறுவப்பட்ட அக்கோயிலின் பிராகாரமும், யாளித் தூண்கள் நிறைந்த கல்யாண மண்டபமும் நகரத்தின் பொது இடங்களே. அவற்றை வெள்ளையாக விட்டவுடன், கோட்டை மைதானத்திலிருந்து கோபுர வாசல் வழியாக மண்டப நிழல்வரை ஒரே தொடர்ச்சியாக வெளி நீள்வது தாளில் தெரியும். அடுத்த கட்டமாக மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், பேருந்து நிலையம், மளிகைக் கடையின் முன்வாசல் ஆகியவற்றை வெள்ளையாக விடுவதா, சாம்பல் நிறமாக்குவதா என்ற விவாதம் மாணவர்களிடையே தானாகவே எழும். அதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம். பொது இடம் எது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியின் ஆழத்தை மாணவர்கள் அங்கேதான் தொடுகிறார்கள்.

வெளியின் அகலத்துக்கும் அதைச் சூழ்ந்த சுவரின் உயரத்துக்கும் உள்ள விகிதம் அடுத்த பாடம். சுவரின் உயரத்துக்குச் சமமான தூரத்தில் நின்றால் அதன் உச்சியைப் பார்க்கக் கண் 45 பாகை உயர வேண்டும். இரண்டு மடங்கு தூரத்தில் ஏறத்தாழ 27 பாகை, மூன்று மடங்கில் 18 பாகை. முதல் நிலையில் அடைப்பு உணர்வு மிகுதி, இரண்டாவதில் கட்டடம் முழுமையாகக் கண்ணில் அமையும், மூன்றாவதில் அது சூழலின் ஒரு பகுதியாகப் பின்வாங்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. மாணவர் தம் காலடியின் நீளத்தை அளந்துவைத்துக்கொண்டு, ஒரு மாடியை ஏறத்தாழ 3 மீட்டராகக் கொண்டு, தெருவில் நடந்தபடியே விகிதத்தைச் சொல்லப் பழக வேண்டும். டேப்பைப் பிறகு சரிபார்க்க மட்டும் எடுக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 1:200 அளவில் ஒரு குறுக்குவெட்டு, அதாவது தெருவைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற படம், வரைய வேண்டும். அதில் கடையின் கூரைத் தகரம், படி, சாக்கடை மூடி, நிற்கும் இருசக்கர வாகனம், நடுவில் போகும் தள்ளுவண்டி எல்லாம் இடம்பெற வேண்டும். தரைப்படத்தைவிடக் குறுக்குவெட்டே நகர வடிவமைப்பின் முதன்மை வரைபடம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மனிதரும் நிழலும் உயரமும் ஒன்றாக அடங்குவது அதில்தான்.

நிழலைத் தனியே பேசாமல் வேலூரில் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. இவ்வூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சுமார் 54 பாகை உயரத்தில் நிற்பதால், கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் தென்புறம் 9 மீட்டர் உயரக் கட்டடம் இருந்தால் அதன் நிழல் ஆறரை மீட்டர் அளவுக்குத் தெருவில் விழும். கத்திரி வெயில் காயும் மே மாதத்திலோ சூரியன் உச்சந்தலையைச் சற்றே கடந்து வடக்கே நிற்கும். அதே கட்டடம் அப்போது தெருவுக்கு ஏறக்குறைய எந்த நிழலும் தராது. நிழல் மிகவும் வேண்டியிருக்கும் மாதத்தின் நண்பகலில் கட்டடத்தின் உயரம் கைவிட்டுவிடுவதால், மரமும் தாழ்வாரமும் திண்ணைக் கூரையும்தான் காக்க வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையும் மாலையும் ஏதேனும் ஒரு பக்கத்தில் நிழல் கிடைக்கும். ஐரோப்பியச் சதுக்கங்களின் படங்களைப் பார்த்து மாணவர் கருங்கல் பாவிய பெரிய திறந்த முற்றத்தை முன்மொழியும்போது, இந்தக் கணக்கை அவரையே போட்டுப் பார்க்கச் செய்தால் போதும். பெரும்பாலும் அவரே முற்றத்தைச் சுருக்கி, மரங்களை வரிசையிட்டுக் கொண்டுவருவார்.

வெளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதற்குத் திருவண்ணாமலையை விட நல்ல பாடநூல் இப்பகுதியில் இல்லை. அது பழைய வடாற்காடு மாவட்டத்தின் ஊர்தான். ஒரு நாள் பயணம் போதும். 11 நிலைகளும் 66 மீட்டர் உயரமும் கொண்ட கிழக்கு இராஜகோபுரத்தில் தொடங்கி, வல்லாள மகாராஜா கோபுரம், கிளி கோபுரம் என்று உள்ளே போகப்போகக் கோபுரங்களின் உயரம் குறைகிறது. ஒளியும் குறைகிறது, கூரை தாழ்கிறது, காலடி ஓசை மாறுகிறது. வெளியே மிகப் பெரியதும் உள்ளே மிகச் சிறியதுமாக அமைந்த இந்த ஒழுங்கில் அச்சு, படிநிலை, தாளம், அடைப்பு ஆகிய நான்கும் ஒரே நடையில் கிடைக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் நின்று தபால் அட்டை அளவில் ஒரு கோட்டோவியம் வரைந்து, அவற்றை வரிசையாக ஒட்ட வேண்டும். புகைப்படம் அதற்கு ஈடாகாது, எதை விடுவது என்று கண் தேர்ந்தெடுப்பதே இங்கே கல்வி. மேலே சொன்ன விகிதத்தையும் இங்கே சோதிக்கலாம். 66 மீட்டர் கோபுரத்தை 27 பாகையில் காண 130 மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். அந்த இடம் தெருவில் எங்கே வருகிறது, அங்கே இன்று என்ன நிற்கிறது என்று மாணவர் தேடிப் போகும்போது, கோபுரத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவு அவருக்குப் பிடிபடுகிறது. மாட வீதிகளின் அகலத்தையும் தேர் திரும்பும் மூலைகளையும் அளக்காமல் திரும்பக் கூடாது.

அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல் முன்வைத்த பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்னும் ஐந்து கூறுகளை எல்லாக் கல்லூரிகளும் கற்பிக்கின்றன. தேர்விலும் அவை தவறாமல் வரும். ஆனால் வரைபடத்தில் ஐந்து வண்ணங்கள் தீட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் அவற்றைக் கண்டடைந்தது நகரவாசிகளை நேர்கண்டும், நினைவிலிருந்து வரையச் சொல்லியும்தான். ஆகவே நம் மாணவரும் பூக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் ஒரு தாளை நீட்ட வேண்டும். வேலூரையும் காட்பாடியையும் பிரிக்கும் பாலாறு எல்லோருடைய படத்திலும் அழுத்தமான விளிம்பாக வரும். அந்த அகன்ற மணற்படுகையில் பூங்காவும் நடைபாதையும் வரைய மாணவர்களுக்கு மிகுந்த ஆசை எழும். 2021 நவம்பரில் அதே படுகையில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியதைப் பழைய செய்திப் படங்களுடன் காட்டிவிட்டு, எந்த மட்டத்துக்கு மேல் எதைக் கட்டலாம் என்று கேட்கிறேன். அடையாளச் சின்னத்துக்கு ஆற்காட்டின் டெல்லி கேட் நல்ல எடுத்துக்காட்டு: கோட்டை மறைந்து வாசல் மட்டும் பாலாற்றங்கரையில் நிற்கிறது. வாசல் என்பது உள்ளும் புறமும் இருந்தால்தான் வாசல். சூழ்ந்த வெளியை இழந்த கட்டடத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அதன் முன் நின்றே பேசலாம்.

மாணவர்களின் வரைபடங்களில் பெரும்பாலும் விடுபடுவோர் மனிதர்கள்தான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள், அவர்களுக்காக வங்க எழுத்தில் பலகை வைத்த விடுதிகள், மெஸ்கள், மருந்துக் கடைகள் ஆகியவை சேர்ந்து அந்த வட்டாரத்தின் இயல்பையே உருவாக்கியிருக்கின்றன. அங்கே தெருவோரப் பெஞ்சு என்பது அழகுக்கான பொருள் அல்ல. சோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர் உட்காரும் இடம். அத்தெருக்களில் தள்ளுவண்டியில் விற்பவர்களும் உண்டு; 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அந்த வியாபாரிகளுடைய வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். முன்மொழிவில் தள்ளுவண்டி எங்கே போனது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. ஆகவே காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று, யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்துக் குறித்த தாள் இல்லாமல் நான் எந்த முன்மொழிவையும் பார்ப்பதில்லை.

ஜூரிக்கு, அதாவது வேலையை மதிப்பீட்டாளர்கள் முன் வைத்து விளக்கும் அமர்வுக்கு, தயாராகும் மாணவர்களுக்குச் சில சொற்கள். பறவைப் பார்வையில் கணினியில் உருவாக்கிய ரெண்டர் படத்தை முதல் தாளில் வைக்காதீர்கள். அந்த உயரத்திலிருந்து உங்கள் தெருவை யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரே இடத்தின் இரண்டு குறுக்குவெட்டுகளை, இன்றுள்ளபடி ஒன்றும் உங்கள் முன்மொழிவின்படி ஒன்றுமாக, மேலும் கீழுமாக ஒரே அளவில் வையுங்கள். கண்மட்டத்தில் வரைந்த தொடர் ஓவியங்களை அடுத்து வையுங்கள். 1:500 மாடலில் சுற்றியுள்ள பழைய கட்டடங்களையும் உங்கள் கட்டடங்களையும் ஒரே நிற அட்டையில் செய்யுங்கள். அப்போதுதான் பார்ப்பவர் கண் பொருளை விட்டு வெளிக்குச் செல்லும். பேசும்போது கட்டடத்தின் பெயரில் தொடங்காமல், எந்த வெளியை ஆக்கியிருக்கிறீர்கள், அங்கே மே மாத மதியத்தில் யார் இருப்பார்கள் என்று தொடங்குங்கள். ஆசிரியர்கள் மதிப்பெண்ணைப் பிரிக்கும்போது இறுதி ரெண்டருக்குப் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் வைக்காமல், அளவெடுத்த குறுக்குவெட்டுகளுக்கும் மூன்று வேளைத் தாளுக்கும் பெரும்பங்கைக் கொடுத்து, அந்தப் பிரிவைச் செமஸ்டரின் முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.