ஹீபர் கல்லறை புத்தூரில் இல்லை!

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் "பிஷப் ஹீபர் கல்லறை இருக்கிற சர்ச்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். நேராகப் புத்தூர் ஹீபர் காலேஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பி வரவும் சேர்த்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். சர்ச் நடந்தே போகிற தூரம்! அன்றைய சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது.

பாரதியார் சாலையில் செயின்ட் ஜான்ஸ் சர்ச் என்று கேளுங்கள். அங்கே இருக்கிற கதவுகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பக்கச் சுவர் நெடுக வரிசையாகக் கதவுகள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சர்ச்சே மண்டபம் மாதிரி ஆகிவிடும். திருச்சி வெயிலுக்கு இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. பலிபீடத்துக்கு வடபுறம் ஹீபரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்த மனிதரைக் கொன்றதும் இதே வெயில்தான். இங்கிலாந்துக்காரர். 1823-ல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். இந்தியா, இலங்கை மட்டுமில்லை, ஆஸ்திரேலியாகூட அவர் பொறுப்பில்தான் இருந்தது! டாக்கா, டெல்லி, அல்மோரா, பம்பாய், இலங்கை என்று ஓயாமல் சுற்றினார். 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை, கோட்டைக்குள் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1766-ல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாரோடு ஆராதனை. தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பியதும், உடம்புச் சூடு தணியக் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. வயது 42.

சர்ச்சுக்குப் போகிற எல்லோருக்கும் "தூய, தூய, தூயா" தெரியும். அதன் ஆங்கில மூலம் இவர் எழுதியது. ஆனால் 1819-ல் எழுதிய இன்னொரு பாட்டில் இலங்கையைச் சொல்லி, அங்கே மனிதன் மட்டும்தான் இழிந்தவன் என்று ஒரு வரி வைத்தார். இந்தப் பக்கம் கால் வைப்பதற்கு முன்பே எழுதியது! எனக்கு அந்த வரியைப் படித்தால் இன்றும் கோபம் வருகிறது. காந்தியும் அதைக் கண்டித்திருக்கிறார்.

அதே மனிதர்தான், இந்தியர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று முந்தைய பிஷப் மிடில்டன் ஒதுங்கியதை மாற்றி, 1824-ல் கிறிஸ்டியன் டேவிட் என்கிற தமிழருக்குப் பட்டம் கொடுத்தார். டேவிட், ஸ்வார்ட்ஸிடம் படித்தவர்; யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். ஹீபர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். பாட்டெல்லாம் அப்புறம்தான்.

சரி, சாப்பாடு. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் 120 ரூபாய்க்கு வாழையிலைச் சாப்பாடு. மீன் குழம்பு மூன்று முறை ஊற்றினார்கள், முகம் சுளிக்காமல். ரசத்தில் மிளகு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக இருந்தது. ஆட்டோவுக்குக் கொடுத்த எரிச்சல் அங்கேதான் அடங்கியது.

நேரமிருந்தால் தஞ்சாவூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1826 ஈஸ்டருக்கு ஹீபர் அங்கேதான் இருந்தார். சரபோஜி மன்னரைப் பார்த்து அசந்துபோனார். நான் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இறங்கவே இல்லை, முன்சீட்டில் முழங்கால் இடித்துக்கொண்டே வந்தேன். அடுத்த முறை ரயில்தான். ஸ்வார்ட்ஸ் சர்ச் பெரிய கோயிலை ஒட்டி, சிவகங்கைப் பூங்காப் பக்கம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் திருச்சிக்கே வந்துவிடுங்கள்.