கேட்டுக்கு உள்ளே

டிசம்பர் 24, 2024
நேற்று விடியற்காலை, எங்கள் குடியிருப்பு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா மேல் இரண்டாம் மாடி மாமாவின் கார் பின்னால் வந்து மோதிவிட்டது. நாளை காலை ஆபரேஷன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது. உலோகப் பந்து வைப்பார்களாம். வலி ஊசியின் தூக்கத்தில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "காவி இட்டியா?"

டிசம்பர் 25
முடிந்தது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

டிசம்பர் 26
ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி: "கேட்டுக்கு உள்ளயா, வெளியவா?" அடிபட்டவருக்கு எப்படி இருக்கிறது என்பது நாலாவதோ ஐந்தாவதோ. ரோட்டில் நடந்தால் போக்குவரத்துப் புலனாய்வாம், காம்பவுண்டுக்குள் என்றால் சட்டம் ஒழுங்காம். அங்கே போனால் இங்கே அனுப்புகிறார்கள், இங்கே வந்தால் அங்கே. கடைசியில், புகாரை வாங்கிக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வந்தேன். எஃப்.ஐ.ஆர். இல்லை.

டிசம்பர் 27
எங்கள் கேமராவில் 15 நாள் பதிவுதான் நிற்கும், அப்புறம் அதன் மேலேயே அடுத்தது ஏறிவிடும். பதிவைக் கேட்டால் குடியிருப்புச் செயலாளர் "கமிட்டி கூடட்டும்" என்கிறார். கூடட்டும்.

டிசம்பர் 28
தூக்கம் வரவில்லை. டேப் எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாக்கோலம் பெருக்கினாலும் சட்டென்று போகாது. கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளம் படிக்கோலத்தின் நடுவே போகிறது. வெளிப்பாதி முழுசாக இருக்கிறது. உள்பாதியில் இரண்டு இழை பாக்கி, அதன் மேல் டயர் இழுத்த வெள்ளைத் தடம். அம்மா எப்போதும் வெளியே முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அளந்தேன். தண்டவாளத்திலிருந்து உள்ளே நாலடி. வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டார்ச் பிடித்தார்.

டிசம்பர் 30
இரண்டாம் மாடி மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேட்டுக்கு வெளியன்னு எழுதிக் குடுத்துடும்மா. ரோடுன்னா இன்சூரன்ஸ் குடுத்துடுவான். உள்ளன்னா எல்லாம் என் தலையில விழும். பையனுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு" என்றார். கை நடுங்கியது. அன்றைக்கு அதே காரில்தான் அம்மாவைத் தூக்கி வந்தார், அதையும் மறக்க முடியவில்லை. எனக்கு ஏன் இவர் மேல் கோபமே வர மாட்டேன் என்கிறது?

டிசம்பர் 31
நாலடிதானே.

ஜனவரி 2, 2025
வக்கீல். நான் வாயைத் திறக்குமுன், "பால்காரர், கேஸ் சிலிண்டர், கொரியர் எல்லாம் உங்க கேட்டுக்குள்ள வர்றாங்களா?" என்றார். வருகிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில், பொதுமக்களுக்கு நுழைய உரிமை உள்ள இடம்தான் பொது இடம். தனியார் இடத்தில் நடந்தது, நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாயம் வாதாடும். ஆனால் அனுமதியோடு ஆட்கள் வந்துபோகும் தனியார் இடமும் அதில் சேரும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு எப்போதோ சொல்லியாயிற்றாம். ஒருவேளை கம்பெனி தப்பித்தாலும் ஓட்டியவரும் காரின் சொந்தக்காரரும் தப்ப முடியாது. எஸ்.ஐ. சொன்னது பாதி சரி: பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) குற்றவியல் சட்டத்தின் பிரிவு 281-இல் "பொது வழி" என்று இருக்கிறது. 125-இல் அந்த வார்த்தையே இல்லை, எங்கே நடந்தாலும் வழக்குப் போடலாம். இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட 6 மாதம்தான் டைம்.

மாமா கேட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்தார். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, அந்த ஏ.ஆர். காப்பியைத் திருப்பிக் காட்டினார். "குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் கார் பின்னால் வந்து மோதியதாக." அன்றைக்கு கேஷுவாலிட்டியில் அதைச் சொன்னவர் மாமாதான்.

பொய் சொல்ல வழியில்லை என்றதும் ஏன் இவ்வளவு நிம்மதி.

ஜனவரி 3
கிளம்பும்போது வக்கீல் சொன்ன இன்னொன்று உறுத்துகிறது. அம்மா பக்கமும் கவனக்குறைவு என்று சதவீதம் போட்டுக் கழிக்கப் பார்ப்பார்களாம். விடியற்காலையில், சொந்த வாசலில், குனிந்து கோலம் போட்டதில் எத்தனை சதவீதம்?

ஜனவரி 4
வாக்கர் பிடித்து ஆறு அடி நடந்தாள். சுகர் இறங்கவில்லை, டிஸ்சார்ஜ் தள்ளிப்போகிறது. "ரிவர்ஸ் எடுத்தா ஒரு பாட்டு பாடுமே அந்தக் கார், அன்னிக்குப் பாடலையேடி" என்றாள். கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்த நேரம். பாடியிருக்கலாம். இதை வக்கீலிடம் சொல்ல வேண்டுமா?

ஜனவரி 6
கமிட்டி கூடவில்லை. நாளையோடு 15 நாள். வாட்ச்மேன் பத்து மணிக்கு மேல் பென் டிரைவோடு வரச் சொன்னார்.

ஜனவரி 6, இரவு
5:41. அம்மா தெரியவில்லை. தூண் மறைக்கிறது. கார் மெதுவாகப் பின்னால் வருகிறது, மெதுவாகத்தான். சிவப்பு விளக்கு எரிகிறது. தூணுக்குப் பின்னாலிருந்து மாக்கிண்ணம் உருண்டு வந்து ஒரு சுற்று சுற்றி நிற்கிறது. பதினோரு முறை பார்த்தேன். நாலடியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 8
நாளை டிஸ்சார்ஜ். வீல் சேர் லிஃப்ட்டுக்குப் போக பார்க்கிங் வழிதான். காரை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தி வைக்கச் சொல்லி மாமாவுக்கு போன் பண்ணணும்.