வாடை கீழால் ஏறும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிருக்குப் போர்வை தேடுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். மார்கழியில் கடலோர ஊரான மணற்காட்டின் சவுக்கங்காட்டில், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் எனப்படும் தொங்குபடுக்கையைக் கட்டி விடியற்புறம் வரை கிடந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். வெப்பமானி 22 பாகை செல்சியஸ் காட்டும். நெஞ்சும் காலும் சுகமாக இருக்கும். முதுகும் இடுப்பும் மட்டும் ஈரச் சாக்கில் படுத்ததுபோல் விறைத்துப்போகும்.

அந்தக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த கடற்றொழிலாளி ஒருவர், நான் இரண்டாவது போர்வையை எடுத்து மேலே போடுவதைப் பார்த்துவிட்டு, "வாடை கீழால் ஏறும் தம்பி, மேலால் மூடி என்ன பயன்?" என்றார். போர்வை விற்பவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விளக்கங்களின் சாரம் இதுதான்.

போர்வை எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கு இடையே காற்றை அசையாமல் பிடித்துவைத்து, ஏறத்தாழ 33 பாகையில் இருக்கும் நம் தோலின் சூடு வெளியே ஓடாமல் மறிக்கிறது. நாம் படுத்ததும் உடம்புக்கு அடியில் அகப்பட்ட பகுதி நசுங்கிவிடும். நசுங்கினால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் காப்பும் இல்லை. தரையில் படுக்கிறவனுக்கு மணலாவது கொஞ்சம் சூடேறி உதவும். தொங்குகிறவனுக்குக் கீழே வாடைக்காற்று ஓயாமல் ஓடி, சேர்ந்த சூட்டையும் துடைத்துக்கொண்டு போகிறது. ஆகவே தொங்குபடுக்கைக்காரர் முதலில் வாங்க வேண்டியது அடிப்போர்வை. தொங்குபடுக்கைத் துணிக்கு வெளியே, உடம்பின் பாரம் படாதபடி தொங்கவிடும் போர்வை அது. மேற்போர்வையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் என்றால், அதன் இடத்தில் ஒரு தடித்த பருத்திப் போர்வையே போதும்.

அடிப்போர்வையின் தடிப்பைவிட அதைக் கட்டும் விதம் முக்கியம் என்பது என் எண்ணம். இழுகயிறு தளர்ந்தால் முதுகுக்கும் போர்வைக்கும் இடையே வெளி விழுந்து, அதற்குள் காற்று புகுந்து விளையாடும். அதிகம் இறுக்கினால் பஞ்சு நசுங்கி, பழைய கதைதான். படுத்தபடி கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்: போர்வை துணியைத் தொட்டுக்கொண்டு, ஆனால் உப்பியபடி இருக்க வேண்டும். தலைப்பக்கமும் கால்பக்கமும் திறந்துகிடக்கும் ஓரங்களை முடிந்து அடைப்பது இன்னும் அவசியம். கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் உடம்பு நேராகும். அதற்கேற்ப அடிப்போர்வையையும் சற்றுச் சாய்த்து நகர்த்தாவிட்டால் ஒரு தோள் வெளியே நிற்கும்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். ஆடியில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறி, நண்பரின் உறவினர் வளவில் படுத்தபோது இரவும் 27 பாகையை ஒட்டியே இருந்தது. அங்கே அடிப்போர்வையைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. உடுத்திருந்த சாரம் போதுமாக இருந்தது. அதையும் நடுச்சாமத்தில் ஒருமுறைதான் தோள்வரை இழுத்தேன். கட்ட மரம் தேடுவதுதான் அந்தத் தீவில் பெரும்பாடு. சுற்றிலும் பவளப்பாறையான முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள். அவற்றில் கயிறு கட்டலாமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லக்கூடத் தேவையில்லை. பனைகள் உண்டு. ஆனால் பனம்பழம் விழும் காலத்தில் பனைக்கு அடியில் படுப்பவனுக்குப் போர்வையைப் பற்றிய ஆலோசனை எதற்கு?

உண்மையான சோதனை கண்டி வீதியில் பஸ் ஏறி மலைக்குப் போகும்போது வருகிறது. 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 12 பாகை வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் 22 என்றால் அங்கே 10. வானம் தெளிந்த தை, மாசி இரவுகளில் அதற்கும் கீழே இறங்கி, காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. ஒரே வாரத்துக்குள் மணற்காட்டிலும் அங்கேயும் படுக்கப் போகிறவர், இரண்டில் எந்த ஊருக்காகப் போர்வை வாங்குவது?

தடித்த ஒன்றை வாங்காதீர்கள் என்பேன். 0 பாகைக்கான போர்வையை மணற்காட்டில் விரித்தால் வியர்த்துக் கொட்டும். வியர்வை பஞ்சில் இறங்கும். மறுநாள் மலையில் அதே போர்வை பாதி வேலைதான் செய்யும். 10 பாகை என்று குறித்த மெல்லிய போர்வைகளாக மேலுக்கு இரண்டும் அடிக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு, தேவைக்கு அடுக்குவது நல்லது. மலையில் மேலே இரண்டும் வேண்டியிருக்கும். அடியில் ஒன்றோடு, படுக்கைத் துணிக்குள் மெல்லிய நுரைப்பாய் ஒன்றும் செருகிக்கொள்வேன். மணற்காட்டில் மேற்போர்வையில் பாதங்களைப் பொதியும் பைபோன்ற முனையை அவிழ்த்து, விரித்த துணியாகப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே நுழைந்து படுக்கும் தூக்கப் பைக்கு இல்லாத இந்தச் சௌகரியத்துக்காகவே போர்வைப் பக்கம் வந்தவன் நான்.

குறித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். தூக்கப் பைகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. அதில் சுகமாகத் தூங்கும் வெப்பநிலை வேறு, தாங்கிக்கொள்ளும் எல்லை வேறு. போர்வைகள் பெரும்பாலும் அந்தச் சோதனைக்குப் போவதில்லை. தயாரிப்பவர் போடும் எண் பெரும்பாலும் தாங்கும் எல்லையைத்தான் சொல்லும். நான் அதோடு 5 பாகை கூட்டித்தான் படிக்கிறேன். வெக்கையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்த 5 தேவைப்படுகிறது.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாத்தின் மெல்லிறகு எடை குறைந்தது, சுருட்டினால் கைக்குள் அடங்கும், பல வருடம் உழைக்கும். எல்லாம் சரி. ஆனால் ஈரம் பட்டால் கட்டியாகி உப்பலை இழந்துவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி பெய்யும், மிச்ச மாதங்களிலும் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வரும் குடாநாட்டில் அதை வைத்துக் காப்பாற்றுவது பெரிய வேலை. பொலியெஸ்டர் இழை பாரம் கூடியது. இரண்டு மூன்று வருடத்தில் நசுங்கத் தொடங்கும். ஆனாலும் நனைந்த பிறகு ஓரளவு சூட்டைக் காக்கும். பிழிந்து வெயிலில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். மலைக்கு இறகுப் போர்வையும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் அதை உள்ளேயும் பொலியெஸ்டரை வெளியேயும் அடுக்கட்டும். உடம்பிலிருந்து வரும் ஆவி குளிர்ந்து ஈரமாவது வெளி அடுக்கில்தான்.

அடிப்போர்வையால் இன்னொரு நன்மை உண்டு. மாரிகாலத்து நுளம்புகள் மேலே வலை கட்டியிருப்பதைக் கண்டு பின்வாங்குவதில்லை. மெல்லிய துணி ஊடாக முதுகில் குத்தும். குளிர் இல்லாத இரவிலும் அடிப்போர்வையைத் தளர்த்தித் தொங்கவிட்டால் அவற்றின் ஊசி எட்டாது. டெங்கு பரவும் மாதங்களில் இதற்காகவே அதைச் சுமக்கலாம். ஆனால் வலையில்லாமல் இது மட்டும் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.