தாரைச் செம்பு

தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த அன்றே அம்மா போனில் சொல்லிவிட்டாள். "எய்யா, சாஸ்தாவுக்குச் சித்தப்பா போய் வச்சிட்டு வந்துட்டாஹ. நெல்லையப்பருக்கு நீ வந்துதான் வைக்கணும். அப்பா இருந்தா அவுஹ வச்சிருப்பாஹ."

என் தங்கச்சிக்கு முப்பத்து நாலு வயது. செவ்வாய் தோஷம் என்று கை நழுவிப் போன வரன்கள் எத்தனையோ. கல்யாணம் கூடி வந்தால் நெல்லையப்பர் கோயில் அம்மன் காந்திமதிக்குப் பட்டு, அங்கேயே இருக்கிற பெருமாள் நெல்லை கோவிந்தருக்கு வேட்டியும் அங்கவஸ்திரமும் என்று அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். போன ஐப்பசியில் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்து, "இந்த வருஷம் அவ கேட்டுட்டா" என்றாள். கார்த்திகையில் பெண் பார்க்க வந்தார்கள். தை மாதம் முகூர்த்தம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் நானும் மனைவியும் ஊர் வந்து சேர்ந்தோம். திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே அம்மா ஒரு வெண்கலச் செம்பை என் கையில் கொடுத்தாள். தங்கச்சி பிறந்த வருஷமே, இவளைத் தாரை வார்க்க என்று அப்பா வாங்கி வைத்த செம்பு அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியபோது அந்தச் செம்பு இருந்த மரப்பெட்டியும் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்தபின் பெட்டி உளுத்துக் கொட்டியது, துணிமணிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. சேற்றைத் தோண்டித் தோண்டி இந்த ஒன்றை அம்மா எடுத்திருக்கிறாள். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் குறுக்குத்துறையில் குளித்தோம். ஒவ்வொரு வெள்ளத்திலும் முழுகி எழுகிற முருகன் அங்கே ஆற்றுக்குள்ளேயே இருக்கிறான். அவனைக் கும்பிட்டுவிட்டு, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினோம்.

தைப்பூசம் நெருங்கும் நேரம் என்பதை நான் யோசிக்கவில்லை. பச்சை வேட்டி கட்டிய திருச்செந்தூர் பாதயாத்திரைக்காரர்கள், பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் என்று ரத வீதியில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்திரிகைத் தட்டைப் பார்த்ததும் வெள்ளை வேட்டியில் ஒருவர் ஒட்டிக்கொண்டார். "கல்யாணமா? வரிசையில நின்னா ரெண்டு மணி நேரம் ஆகும். ஐநூறு குடுங்க, நேரா சாமி முன்னால நிறுத்துதேன்." வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. "நல்ல காரியத்துக்கு வந்துட்டுக் கணக்குப் பாக்கியளே" என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆறு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வாசலை மிதித்தவள் அம்மா. அவளிடம் பேசுகிற பேச்சா அது? அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "வாய்யா, அவ பாத்துக்கிடுவா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் அம்மன் சன்னதி. பட்டைக் கொடுத்தோம். அர்ச்சகர் தங்கச்சியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போது அம்மா கண்ணை மூடவே இல்லை, காந்திமதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து அம்மன் கோயிலையும் சுவாமி கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபத்துக்கு நாங்கள் வரும்போது உச்சிக்காலம் ஆகிவிட்டது. அந்தத் தாமதமும் நல்லதுக்குத்தான். அம்பாள் சன்னதியிலிருந்து சுவாமிக்கு நைவேத்தியம் மேளதாளத்தோடு எங்களைக் கடந்து போனது. தானே சமைத்துக் கொண்டுபோய் அவருக்குப் படைக்கிறாள் என்பது ஐதீகம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தது. என் மனைவி பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் ஒதுங்கிக் கைகூப்பி நின்றாள்.

வேணுவனநாதரான நெல்லையப்பர் பாதத்தில் பத்திரிகையை வைத்து எடுத்தது ஒரு கண நேரம். பின்னால் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். மனதில் நினைத்து வந்த எதையும் சொல்ல முடியாமல் வெளியே வந்து, பக்கத்திலேயே நெல்லை கோவிந்தர் சன்னதியில் போய் நின்றேன்.

அங்கே கூட்டம் இல்லை.

பெருமாள் கிடந்த கோலத்தில் இருக்கிறார். வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் வாங்கிக்கொண்ட அர்ச்சகர், அம்மா நீட்டிய செம்பைப் பார்த்துவிட்டு, "தாரை வார்க்கப் போறது யாரு?" என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். அவர் தீபத்தை உற்சவர் பக்கம் திருப்பி, "இவரும் தாரைப் பாத்திரத்தோடதான் நிக்கார், பாருங்க. தங்கச்சியக் கட்டிக் குடுத்த அண்ணன்" என்றார்.

இந்தக் கதை எனக்குத் தெரியாததா? ஐப்பசிதோறும் கோவிந்தர் வந்து காந்திமதியைத் தாரை வார்த்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் கல்யாணம் நிச்சயம் ஆன நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். அப்பா உட்கார வேண்டிய மனையில் நான் எப்படி உட்காருவேன்? அவர் வாங்கிய செம்பை எந்தக் கையால் சாய்ப்பேன்? பெருமாளே, அது அண்ணனின் இடமும்தான் என்று அந்த விளக்கு வெளிச்சத்தில் நீர் காட்டிக் கொடுத்தீர். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. அர்ச்சகர் செம்பைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்து, உள்ளே இரண்டு துளசி இலையைப் போட்டுத் தந்தார். திரும்பும்போது நடராஜரின் தாமிர சபையையும் பிராகாரத்தையும் சுற்றினோம் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

கல்யாணத்தன்று மனையில் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். அம்மா தாம்பாளங்களுக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்றாள். வீட்டுக்காரர் இல்லாதவள் என்று அவளே ஒதுங்கிக்கொண்டது. மாப்பிள்ளையின் கைமேல் தங்கச்சியின் கை, அதன்மேல் தேங்காய். "ஆரம்பிக்கலாம்" என்றார் ஐயர். நான் செம்பை எடுத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "நீயும் வாம்மா" என்றேன். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று அவள் தயங்கினாள். "வாங்க மதினி" என்று பெரியத்தையே அவளைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். அம்மா எனக்குப் பின்னால் குனிந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

செம்பைச் சாய்த்தோம். தாமிரபரணித் தண்ணீர் தேங்காய்மேல் விழுந்து வழிந்தது. அதோடு வந்த துளசி இலை ஒன்று தங்கச்சியின் விரலில் ஒட்டிக்கொண்டது.