தருமசேனர் நடந்த வழியில்

நடுநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற 22 தலங்களையும் தரிசிக்கும் பயணத்தில், திருவதிகை வீரட்டானத்தை வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் சுற்றுலாப் பேருந்தில் ஒருமுறை வந்து, திரிபுரம் எரித்த கதையைக் கேட்டு, பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய லிங்கத் திருமேனியை வணங்கி, கோபுர வாயிலின் நடனச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பியிருந்தேன். அப்பரின் தமக்கையான திலகவதியாரின் சந்நிதியில் நின்றதாக நினைவே இல்லை. அந்தக் குறை நெடுநாளாக மனத்தில் கிடந்தது.

ஆகவே இம்முறை திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரை வணங்கிவிட்டு, அங்கிருந்து இரவில் நடந்தே திருவதிகைக்குச் செல்வதென்று முடிவு செய்தேன். பெரியபுராணம் பாடலிபுத்திரம் என்று குறிக்கும் சமணப் பள்ளி இருந்த ஊர் இதுவே. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணம் தழுவித் தருமசேனர் என்ற பெயரோடு இங்கே தலைமை பெற்றிருந்த அப்பர், சூலை நோய் என்னும் கொடிய வயிற்றுவலி தாளாமல் தமக்கையைத் தேடிப் புறப்பட்டதும் ஓர் இரவில்தான்.

கடலூரிலிருந்து பண்ருட்டிச் சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நெல்லிக்குப்பத்தைக் கடக்கும்போதே எனக்குக் கால் கடுக்கத் தொடங்கிவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான், புராணத்தைப் பலமுறை படித்தும் நான் பொருட்படுத்தாத ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் தருமசேனருடைய சமையற்காரர். நோயின் கொடுமையைத் தமக்கைக்குச் சொல்ல முதலில் அனுப்பப்பட்டவர் அவரே. திருவதிகைக்கு வந்து, நந்தவனத்தருகே திலகவதியாரைக் கண்டு செய்தியைச் சொன்னார். நன்மை அறியாத அந்தப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்ற பதிலைப் பெற்று, அன்றிரவே திரும்பினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவர், அவர் திரும்பி வரும்வரை எத்தனை நாழிகை காத்திருந்திருப்பார் என்பதைச் சாலையின் நீளம்தான் எனக்கு உணர்த்தியது.

திலகவதியாரின் அந்த மறுப்பு முன்பெல்லாம் எனக்குக் கடுமையாகத் தோன்றியதுண்டு. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்தவர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி சமயம் மாறிப் போன பிறகும் திருவதிகையில் மடம் அமைத்து, நாள்தோறும் கோயிலை அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, அவரை மீட்டுத் தருமாறு இறைவனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அழைத்தவுடன் அவர் ஓடிப்போயிருந்தால், தம்பி பாயையும் குண்டிகையையும் களைந்து, வெண்ணிற ஆடை உடுத்தி, தாமே நடந்து வரும் அந்த இரவு நேர்ந்திருக்காது என்றே இப்போது கருதுகிறேன். வந்து விழுந்தவருக்கு ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்து, திருப்பள்ளியெழுச்சி வேளையில் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவரும் அவரே. அங்கே பிறந்ததுதான் ‘கூற்றாயினவாறு’ என்று தொடங்கும் முதற் பதிகம்.

விடியும் முன் கோபுரத்தைக் கண்டேன். அப்பர் உழவாரப் பணி செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சிச் சுந்தரர் ஊருக்கு வெளியே சித்தவடமடத்தில் தங்கியது நினைவுக்கு வரவே, செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, சொல்லிவைத்தபடி, பூக்கூடையோடு வாசலில் நின்றிருந்தார். அம்மா மறைந்தபின் என்னை வளர்த்தவர் அவர். “ராத்திரி பூரா நடந்தியா தம்பி? கால் வீங்கியிருக்கே!” என்று கேட்டாரே தவிர, ஏன் நடந்தாய் என்று கேட்கவில்லை. மூலவரை வணங்கிய பின் இருவரும் திலகவதியார் சந்நிதிக்கு வந்தோம். அக்கா தாம் தொடுத்து வந்த சரத்தை அங்கே கொடுத்துவிட்டு, குருக்கள் தந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, சிறுவயதில் பள்ளிக்கு அனுப்பும்போது செய்ததைப் போலவே, கண்ணில் விழாதபடி கையால் மறைத்துக்கொண்டு என் நெற்றியில் இட்டார்.