படி இறங்கும்போது தெரிந்த வலி

ஓடும்போது வலிக்கவில்லை. மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது. வலது முழங்கால் சில்லுக்குப் பின்னால், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. ஏறும்போது அவ்வளவாக இல்லை. இறங்கும் ஒவ்வொரு படிக்கும் சுருக்கென்றது. ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் அதே குடைச்சல்.

நான் பந்தயத்துக்கு ஓடுகிறவன் அல்ல. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர். ஆசை மிஞ்சி, இரண்டே வாரத்தில் 5-ஐ 9 ஆக்கியிருந்தேன். மூச்சு ஈடுகொடுத்தது, முழங்கால் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் ஓடாமல் இருந்தேன். வலி போயிற்று. திரும்ப ஓடிய முதல் நாளே வந்துவிட்டது. அன்று உண்மையாகவே மனம் உடைந்தது.

பிசியோதெரபிஸ்ட் என்னைத் தாழ்வான ஒரு படிமேல் ஒற்றைக் காலில் நிற்கவைத்தார். எதிரே கண்ணாடி. மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கச் சொன்னார். என் வலது முழங்கால் கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கமாகச் சாய்வதையும், இடது இடுப்பு சரிவதையும் நானே பார்த்தேன். முழங்கால் வலிக்கு இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி என்று அவர் சொன்னபோது வியப்பே வரவில்லை, கண்ணாடி முன்பே சொல்லிவிட்டது.

ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்க வேண்டும். காலைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்துத் தூக்கினால்தான் இடுப்பின் பக்கவாட்டுத் தசை எரியும். முன்னால் வந்துவிட்டால் வேறு தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். பிறகு அதே படி இறக்கம். ஐந்து வாரம் ஒன்றும் மாறவில்லை. ஆறாவது வாரம்தான் வலி இறங்கத் தொடங்கியது.

ஓட்டத்தில் மாற்றியது ஒன்றே ஒன்று. நிமிடத்துக்கு 156 காலடி வைத்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் கூட்டாமல் காலடியைக் குறுக்கி 164 ஆக்கினேன். பாதம் உடலுக்கு அருகிலேயே விழுவதால் முழங்கால் சில்லின் மீது விழும் சுமை குறைகிறது. பத்துக்கு மூன்று வரை வலித்தால் ஓடலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். மூட்டு வீங்கினாலோ, மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ இதெல்லாம் பொருந்தாது. மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

"ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்" என்று சொல்லாதவர்கள் இல்லை. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓட்டம்தான் காத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த எண்களைப் படித்த இரவு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வாரம் 6 கிலோமீட்டர். கண்ணாடி முன் படி இறங்கும்போது எட்டாவது முறையில் முழங்கால் இன்னும் உள்ளே சாய்கிறது. பத்து முறையும் நேராக நிற்கும்வரை தூரத்தைக் கூட்டப்போவதில்லை.